மூன்று கோர்ட்ஸ் போதும்

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்து இளையோருக்கு வேண்டியது சினிமாப் பாட்டுப் பாடும் இசைக்குழுவா, சொந்தப் பாட்டு எழுதும் பான்டா? நாங்கள் சொந்தப் பாட்டின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார்: "கிற்றாரில் மூன்று கோர்ட்ஸ் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் பான்ட் தொடங்கினால் ஊர் தாங்குமா? இது லண்டன் பங்க் குப்பை, எங்களுக்கு எதற்கு?" நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கையைக் கீழே போடாதீர்கள், திரும்பத் தேவைப்படும்.

கோர்ட்ஸ் என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது; பங்க் என்றால் அப்படி இரண்டு மூன்றை வைத்தே சத்தமாகப் பாடும் ராக் இசை. சரி, லண்டனுக்கே போவோம். 1977இல் அங்கே டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்று ஒரு பான்ட். ஒரு கம்பனி வாசலிலும் போய் நிற்காமல், 153 பவுண் செலவில் தாங்களே இசைத்தட்டுப் போட்டார்கள். இது சுலபம், மலிவு, நீங்களும் செய்யுங்கள் என்று பாட்டுக்குள்ளேயே சொன்னார்கள்.

சைக்கிள் என்றதும் எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வருகிறது. 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், சில வருஷம் இங்கே கரண்ட் இருக்கவில்லை, பற்றரிக்கும் தடை. பாட்டுக் கேட்க என்ன வழி? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோ வயரை ரேப் ரெக்கோடரில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றினோம். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை சின்ன அண்ணாவுக்கு. இருங்கள், இதை ஆறுதலாகத்தான் சொல்ல வேண்டும். சுசீலா அம்மா அழகாகப் பாடிக்கொண்டு வருவா. பல்லவி முடியும். சரணத்தில் அண்ணாவுக்குக் கை உளையும். சுசீலா அம்மாவின் குரல் மெல்ல மெல்லத் தடித்து டி.எம்.எஸ். ஆகிவிடும்! குசினிக்குள் இருந்து பெரியம்மா, "டேய், சுத்தடா!" என்று கத்துவா. அண்ணா பயந்துபோய் இரண்டு மடங்கு வேகமாய்ச் சுற்றுவார். இப்போது டி.எம்.எஸ். போய்ச் சுண்டெலி பாடும்! பக்கத்து வீட்டு அப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, புதுப் பாட்டோ?" என்பார். ஓம், ஒவ்வொரு நாளும் புதுப் பாட்டுத்தான்!

எதிரணி அண்ணன், கையில் கிடந்த சாமானை வைத்து, ஒருவரையும் கேட்காமல், நாங்களே பாட வைத்தோம். அதைத்தானே லண்டன் பெடியளும் செய்தார்கள்? பிறகு எப்படி அது பிறத்தியார் குப்பை ஆகும்? எங்கள் ஈழத்துப் பாடகர்கள் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடு பொப் பாடியபோதும் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டுகளைப் போட்டால் அண்ணனின் கால்தான் முதலில் தாளம் போடும்.

இன்னொன்று. 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராகப் பல்லாயிரம் பேர் திரண்டபோது, மேடையேறிப் பாடியது த கிளாஷ் என்ற பங்க் பான்ட். பிற்காலத்தில் எங்கள் சனம் அகதியாய்ப் போய் இறங்கிய நகரம் அது. வந்தவனை அடிக்காதே என்று பாடியவர்களையா குப்பை என்கிறோம்?

நடுவர் ஐயா, இனி நான் வாதாடவில்லை. மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். எங்கள் எத்தனையோ வீடுகளில் சுவரில் ஒரு படம் மாலையோடு தொங்குகிறது. அந்த மாமாவை வீட்டுப் பிள்ளை கண்டதே இல்லை. தாய் காலையில் பூ வைக்கிறா. அவரைப் பற்றி ஒரு சொல் கதைப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அந்த வீட்டை எந்தச் சினிமாப் பாட்டில் தேடுவான்? அவனே எழுதினால்தான் உண்டு. சுருதி விலகட்டும், தாளம் தப்பட்டும், அவன் பாடட்டும்.

ஐயா, தீர்ப்பு எப்படியும் போகட்டும். இந்த மண்டபத்தில் கோயில் தர்மகர்த்தாக்களும் சனசமூக நிலையத் தலைவர்களும் இருக்கிறீர்கள். வருகிற திருவிழாவில் இசைக்குழு மேடையேற முன்னம் அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சத்தத்தையும் குறைக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.