மண்டையில அடிபட்ட பிள்ளைய மறுநாளே படிக்கச் சொல்லாதிய

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெஷல் க்ளாஸ் எப்பம் ஆரம்பிக்கும்னு கேக்கதுக்குத்தான் பாதிப்பேரு வந்துருப்பிய, அத ஹெச்.எம். சொல்லுவாவ. பி.டி. வாத்தியாரு எனக்கு பத்து நிமிஷம் குடுத்துருக்காவ, நான் மண்டையில அடிபடுறதப் பத்தி சொல்லிட்டுப் போயிருதேன்.

நம்ம பக்கம் கபடி இல்லாத ஊரு ஏது? ரெய்டு போறவன் தலை எதிராளி முழங்கால்ல ணங்குன்னு இடிக்கும், பய மண்ணத் தட்டிட்டு எந்திரிச்சு நிப்பான், சுத்தி நிக்கவன் விசில் அடிப்பான். வீட்டுல வீக்கத்துக்கு எண்ணெ தடவுவாவ. வெவரமானவிய ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுப்பாவ, ஒண்ணும் இல்லைன்னதும் நிம்மதியா வந்துருவாவ. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இதத்தான் பாக்கும். கன்கஷன்னா மண்டையில அடிபட்டு மூளை குலுங்கிப் போறது. அதுல மூளை உள்ள குலுங்கி செல்லுங்களோட வேலை கொஞ்ச நாளைக்கு தாறுமாறா ஆயிருது, அது அந்தப் படத்துல வராது. மயக்கம் போட்டு விழணும்னும் இல்ல, முக்காவாசிப்பேரு விழவே மாட்டாவ.

ஆனா க்ளாஸ்ல வரும். போர்ட நிமிந்து பாப்பான், நோட்டுக்கு குனியதுக்குள்ள பாத்தது மறந்துரும், திரும்ப நிமிருவான், எந்த வரியில விட்டோம்னு தேடுவான், பாதிக் கணக்கு எழுதுறதுக்குள்ள தலைவலி. டியூப்லைட் கண்ணு கூசும், மத்தியானம் மணியடிச்சா காதப் பொத்துவான், ராத்திரி தூக்கம் வராது, அம்மாட்ட வள்ளுன்னு விழுவான். நேத்து வரைக்கும் அல்ஜீப்ரா போட்ட பய இன்னைக்கு முழிச்சா நாம என்ன சொல்லுதோம்? சவத்துப்பய நடிக்கான், போன எடுத்து வைங்கன்னுதான! போன எடுத்து வைக்கது சரிதான், மொத ரெண்டு நாளைக்கு ஸ்க்ரீனக் கொறைக்கணும். திட்டுறதுதான் வேண்டாம்.

2022ல ஆம்ஸ்டர்டாம்ல உலக டாக்டருங்க கூடிப் பேசுனதும் இதுதான், மொத 24லருந்து 48 மணி நேரம் ஓய்வு, அதுக்காக வாரக்கணக்கா இருட்டு ரூம்புல பூட்டி வைக்காதிய, சும்மா நடக்கலாம். அப்புறம் பாதி நாள் ஸ்கூலுக்கு அனுப்புங்க, ஸ்லிப் டெஸ்ட தள்ளிப் போடச் சொல்லுங்க, நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. டியூசனுக்கு லீவு, சாருக்கு கோவம் வந்தா வரட்டும். நெறைய பிள்ளைய ஒரு மாசத்துக்குள்ள சரியாயிருதுவ. திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி கூடிக்கிட்டே போறது, வலிப்பு, பேச்சு கொழறல், எழுப்புனா முழிக்காம கெடக்கது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, காலையில பாப்போம்னு இருந்துராதிய.

முழு நாள் க்ளாஸ்ல தலைவலி இல்லாம உக்காந்த பொறவுதான் கிரவுண்டு. ஆறுறதுக்கு முன்ன இன்னொரு அடி விழுந்தா ஆளையே கொண்டு போயிரலாம். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல 2009லயே சட்டம் போட்டுட்டான், மண்டையில அடிபட்ட பிள்ள, வைத்தியம் பாக்கவங்ககிட்ட ஆடலாம்னு எழுதி வாங்கிட்டு வராம ஆட விடக்கூடாதுன்னு. நம்மகிட்ட சட்டம் இல்லைன்னாலும் டாக்டர் சீட்டு இல்லாம எங்கிட்ட வராதிய, ஜோனல் மேட்ச் நாளைக்கே இருந்தாலும் டீம்ல சேக்க மாட்டேன், மாமா மச்சான்னு சிபாரிசு புடிச்சுட்டு வந்தாலும் அதேதான். சரி, ஹெச்.எம். பாக்காவ, மைக்கக் குடுத்துருதேன்.