கண்ணாத்தா கொடுத்த கண்ணும் எறும்பு தேய்த்த கல்லும்

(எங்கள் ஊர் நூலக ஆண்டு விழாவில், செப்டம்பர் முதல் வாரம் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன். மைக் கரகரத்த இடங்களை விட்டுவிட்டேன்.)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் செட்டியார் அவர்களே, காலையிலிருந்து உட்காராமல் தானே நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஊராட்சித் தலைவி அவர்களே, கோயில் காரியக்காரர் அவர்களே, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே (இவர் என்னிடம் படித்தவர், பெஞ்சில் ஏறி நின்றவர், அதனால் ‘அவர்களே’ சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்குகிறது), முன்வரிசையில் விசிறியோடு அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, பின்வரிசையில் செல்போனோடு அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்த வெயிலுக்கு நான்கு பொன்னாடை போர்த்தினார்கள். நான்கையும் மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். அடுத்த முறை ஒரு ஈரிழைத் துண்டு போதும். குளத்துக்குப் போகவாவது ஆகும்.

காலையில் இதே மேடையில் பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்தினார்கள். கண் ஆண்டவன் படைப்பா, பரிணாமத்தின் விளைவா என்பது தலைப்பு. இரு தரப்பும் சிறப்பாகப் பேசின என்று சொல்லி நடுவர் நழுவிவிட்டார். அவரைச் சும்மா விடக்கூடாது என்றுதான் நான் எழுந்திருக்கிறேன். மூன்று செய்தி சொல்லப் போகிறேன். கண் எப்படி வந்தது, காது எப்படி வந்தது, இதில் கடவுளுக்கு வேலை உண்டா. இந்த மூன்றையும் ஒரு பழமொழியில் அடக்கிவிடலாம்: எறும்பு ஊரக் கல்லும் தேயும். என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ஆமாம், முப்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கதை. கதை இல்லை, எனக்கு நடந்தது.

பிளஸ் டூ விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்த காலம். கண்ணைப் படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏறாது. அதனால் காரைக்குடியில் கறிக்கடை பாயிடம் முதல் நாளே சொல்லி வைத்து, மூன்று ஆட்டின் கண்களை, எண்ணி ஆறு, எவர்சில்வர் தூக்கில் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். தூக்கை சீட்டுக்கு அடியில் வைத்தேன். பக்கத்தில் ஓர் ஆச்சி, மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் காலடியிலும் ஒரு தூக்கு. அதே உயரம், அதே மூடி, அதே பளபளப்பு. மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

வகுப்பில் எல்லாரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்து, கையில் கத்தரியோடு, “யாரும் பயப்படக் கூடாது, யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது” என்று பீடிகை போட்டு மூடியைத் திறக்கிறேன். உள்ளே கந்தரப்பம். சூடு ஆறாத கந்தரப்பம்! கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், கண்ணை எப்ப சார் அறுக்கணும்?” என்றான். பத்து நிமிஷத்தில் தூக்கு காலி. நானும் இரண்டு எடுத்தேன் என்பதை மறைப்பானேன்.

அங்கே சம்பந்தி வீட்டில் என்ன ஆயிற்று? அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வளவில் விளக்கேற்றி, பெண்டுகள் எல்லாரும் கூடியிருக்க, “பலகாரம் கொண்டாந்திருக்கேன்” என்று ஆச்சி மூடியைத் திறந்திருக்கிறார்கள். ஆறு கண்ணும் சம்பந்தியைப் பார்த்திருக்கின்றன. சம்பந்தி ஆச்சி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, “பொண்ணு குடுத்த எடத்துல கண்ணு வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாக. நீக தூக்குலயே வச்சுக் கொண்டாந்துட்டீகளே!” என்றார்களாம்.

(கைதட்டு அடங்கச் சற்று நேரமாயிற்று. தலைவர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள்.)

தூக்கின் அடியில் என் பெயரை வெட்டியிருந்தது. திங்கட்கிழமை அதைப் புளி போட்டு விளக்கிக்கொண்டு ஆச்சியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். திட்டத்தான் வருகிறார்கள் என்று நான் ஒடுங்கி நின்றேன். அவர்களோ, “இத வச்சுக்கிட்டு புள்ளைகளுக்கு என்னத்த சொல்லிக் குடுக்கிறீக?” என்று கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவேளை, அன்றைக்கு வேறு கண் வாங்கி வைத்திருந்தேன். குறுக்கே வெட்டிக் காட்டினேன். ஆட்டுக்குப் பாவை நம்மைப் போல வட்டமாக இருக்காது, உண்டியல் வாய் மாதிரி படுக்கைவசத்தில் இருக்கும். மேயும்போது தலையைத் திருப்பாமலே இரு பக்கமும் நரி வருகிறதா என்று பார்க்க அது உதவும். உள்ளே விழித்திரையை விலக்கினால் பின்னால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூச்சு மின்னும். இரவில் டார்ச் அடித்தால் ஆட்டின் கண் பளிச்சென்று தெரிவது அதனால்தான். நமக்கு அந்தப் பூச்சு கிடையாது. கடைசியாக லென்ஸை எடுத்து நாட்காட்டித் தாளின் மேல் வைத்தேன். ஜவ்வரிசிக் கூழை உருட்டிப் பிடித்த மாதிரி ஒரு தெளிவான உருண்டை. அதன் கீழே ‘இராகு காலம்’ என்ற பொடி எழுத்து மொச்சைக்கொட்டை அளவுக்குத் தெரிந்தது.

ஆச்சி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: “இம்புட்டுக் கண்ணாடிய இதுக்குள்ள யாருப்பா வச்சது?”

எனக்கு அப்போது வயது முப்பது. பகுத்தறிவு மூக்கு நுனியில் இருந்த காலம். “யாரும் வைக்கலை ஆச்சி, அதுவா வந்துச்சு” என்றேன். அவர்கள் நிமிர்ந்து, “அதுவா வர்றதுக்கு இது என்ன புல்லா? புல்லுகூட மழை பேஞ்சாத்தானப்பா வருது” என்றார்கள்.

என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அன்றைக்கு ஆச்சி சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. அதுவாக எதுவும் வரவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குட்டியிலும் சின்னச் சின்ன வேறுபாடு தற்செயலாக விழுகிறது. அதை விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது நிலைக்கும், எது கருகும் என்பது தற்செயல் இல்லை. கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கத் தெரிந்தது பிழைக்கிறது, குட்டி போடுகிறது. அதுதான் மழை. டார்வின் 1859இல் எழுதியதும் இதைத்தான். அந்த நூலின் ஆறாம் அத்தியாயத்தில், கண் இப்படி உண்டாகியிருக்கும் என்று நினைப்பது முதலில் அபத்தமாகவே படுகிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த வரியோடு நிறுத்தி, ‘பார், டார்வினே கைவிரித்துவிட்டார்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. காலையில் ஒரு தம்பியும் பேசினார். அதற்கு அடுத்த வரியிலேயே, எளிய கண்ணிலிருந்து நுட்பமான கண் வரை படிப்படியாக இருப்பதையும், ஒவ்வொரு படியும் அந்தந்த உயிருக்குப் பயன்படுவதையும் காட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்கிறார் அந்த மனிதர். பாதி வரி படித்துவிட்டு மேடை ஏறக் கூடாது தம்பி.

டார்வினுக்கு முன்னால் 1802இல் வில்லியம் பேலி என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு கேள்வி கேட்டார். பொட்டல்வெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதைச் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்றுதானே சொல்வாய்? கடிகாரத்தைவிட நுட்பமான கண்ணுக்குச் செய்தவன் இல்லாமல் போவானா? நல்ல கேள்வி. ஆச்சி கேட்டதும் இதுவேதான், அதுவும் பேலியைப் படிக்காமலே.

என் பதில் நம் ஊருணியில் இருக்கிறது. தெற்குப் படித்துறையில் மூன்றாம் படியைப் பாருங்கள். நடுவில் ஒரு குழி. குடத்தை வைத்தால் ஆடாமல் அசையாமல் உட்காரும், குடத்துக்கு அளவெடுத்துச் செதுக்கிய மாதிரி. எந்த ஆசாரி செதுக்கினார்? யாரும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குடத்தை இறக்கி வைத்த இடம் அது. எறும்பு ஊரக் கல்லும் தேயும். தேய்ந்த கல்லும் அளவெடுத்த மாதிரி அமையும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. அதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

அதே ஊருணித் தண்ணீர் பச்சையாக இருக்கும்போது ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வையுங்கள். யூக்ளினா ஓடும். ஒரே செல், அதில் ஒரு செம்புள்ளி. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறிய அது உதவுகிறது, அவ்வளவுதான். பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு அந்த இடம் சின்னக் கிண்ணமாகக் குழிந்திருக்கும். நிழல் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்று தெரியும். கடலில் நாட்டிலஸ் என்று ஒரு சங்குப் பிராணி. அதன் கண்ணில் குழி மூடிக்கொண்டு ஊசித்துளை மட்டும் மிச்சம், லென்ஸ் கிடையாது. ஊசித்துளையில் உருவம் தெரியுமா என்று கேட்பீர்கள். பூட்டிக் கிடக்கும் நம் பெரிய வீடுகளில் ஒன்றுக்குள் மத்தியானம் போய்ப் பாருங்கள். கதவிடுக்குத் துளை வழியாக வெளிச்சம் வந்து, முட்டை வெள்ளை பூசி மெழுகிய சுவரில், எதிர் வீட்டு முகப்பு தலைகீழாக விழுந்திருக்கும். தெருவில் போகிற சைக்கிள்காரர் தலைகீழாகப் போவார். நாட்டிலஸுக்குத் தெரிவது அதுதான். அந்தத் துளையில் தெளிந்த பசை ஒன்று அடைத்துக் கெட்டியானால் லென்ஸ்.

சுவீடன் லுண்ட் பல்கலைக்கழகத்தில் நில்சன், பெல்கர் என்ற இருவர் 1994இல் கணக்குப் போட்டார்கள். தட்டையான ஒரு தோல் திட்டு, மீனின் கண்ணைப் போல ஆக வேண்டும். ஒரு படிக்கு 1 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது. 1,829 படிகள் வந்தன. எல்லாவற்றிலும் கஞ்சத்தனமாகக் கணக்கிட்டும் நான்கு லட்சம் தலைமுறைக்குள் முடிந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்றால் நான்கு லட்சம் வருஷம். விலங்குகள் கண்ணோடு திரிய ஆரம்பித்து 50 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. வட்டிக் கணக்கு போட்ட ஊர் இது, அதில் எத்தனை நான்கு லட்சம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

இன்னொன்று. 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர், எலியில் கண் உண்டாக்கும் மரபணுவைப் பழ ஈயின் காலில் வேலை செய்ய வைத்தார்கள். காலில் கண் முளைத்தது. எலிக் கண் இல்லை, ஈயின் கூட்டுக்கண். சுவிட்ச் ஒன்று, எரிகிற விளக்கு அவரவர் வீட்டு விளக்கு. ஈக்கும் எலிக்கும் நமக்கும் பொதுவான பாட்டன் ஒருவன் இருந்ததற்கு இதைவிட வேறு என்ன பத்திரம் வேண்டும்?

எல்லாரும் இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டுங்கள். ஆச்சிமாரும்தான். விரல்கள் சேர்ந்து நிற்கட்டும். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்கள். பார்வையை எடுக்காமல் வலது விரலை மெதுவாக விலக்குங்கள். முக்கால் சாண் போனதும் நுனி காணாமல் போகிறதா? தலைவர் அவர்களுக்குப் போய்விட்டது, தலையாட்டுகிறார்கள். அதுதான் குருட்டுப் புள்ளி. நம் கண்ணில் நரம்பெல்லாம் விழித்திரைக்கு முன்பக்கம் ஓடுகிறது. வெளியே போக வழியில்லாமல் விழித்திரையிலேயே துளை போட்டுப் போகிறது. ஜன்னலுக்கு முன்னால் ஒயரைத் தொங்கவிட்ட எலக்ட்ரீசியன் வேலை. ஆக்டோபஸ் கண்ணில் நரம்பு பின்பக்கம், அதற்குக் குருட்டுப் புள்ளியே கிடையாது. வரைபடம் போட்டு ஒரே மூச்சில் கட்டிய வீடு என்றால் நமக்கு ஏன் இந்தக் குறை? குடியிருந்துகொண்டே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீட்டிக்கொண்டே போன வீடு இது. பழைய சுவரை இடிக்க முடியாது, ஒரு நாள்கூடக் கூரை இல்லாமல் இருக்கவும் முடியாது.

உடனே சிலர், தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை சொன்னதே பரிணாமம்தான் என்பார்கள். அது அருமையான வகைப்பாடு, பரிணாமம் இல்லை. அவர் எறும்பை மூவறிவு உயிராக வைக்கிறார், கண் கணக்கில் வரவில்லை. நம் வீட்டுக் கட்டெறும்புக்குக் கூட்டுக்கண் உண்டு. அதனால் தொல்காப்பியருக்கு ஒரு குறைவும் இல்லை. அவருக்கு டார்வின் வேஷம் கட்டாமல் இருந்தால் போதும்.

காது என்று சொன்னேன். ஊர்வன இனத்து முன்னோர்களின் தாடை மூட்டு எலும்புகள் இரண்டுதான் இன்றைக்கு நம் நடுச்செவியில் இருக்கின்றன. விரிவாகச் சொல்ல நேரமில்லை, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு வேறு வேலை பாக்கி இருக்கிறது.

கந்தரப்பத்து ஆச்சி அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு உறவு மாதிரி ஆனார்கள். பார்க்கும்போதெல்லாம், “எனக்கப்பறம் என் கண்ணையும் எடுத்துப் பாரு வாத்தியாரே” என்பார்கள். நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாள் அம்மனுக்கு வருஷம் தவறாமல் கண்மலர் சாத்துகிறவர்கள். ஒருநாள் விடியற்காலையில் தவறிவிட்டார்கள். ஏழு மணிக்கெல்லாம் நான் கேத வீட்டில். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கண் தானத்துக்குக் கண் எடுக்க, உயிர் போனதிலிருந்து ஆறு மணி நேரம்தான் கெடு. மகன்களிடம் எப்படிக் கேட்பது? அழுதுகொண்டிருக்கிற வீட்டில், ‘உங்க ஆத்தா கண்ணைக் கொடுங்க’ என்று எந்த வாயால் கேட்பது? எட்டாயிற்று, பத்தாயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. மூத்தவரிடம் மெல்ல வாயெடுத்தபோது அவர் சொன்னார்: “ஆத்தா எங்ககிட்டயும் சொல்லியிருந்தாக. நீக கேப்பீகன்னுதான் நாங்க பார்த்துக்கிட்டே இருந்தோம்.”

அந்த இரண்டு கண்ணும் போயிற்று. யார் மீதும் பழியில்லை, வாயில்லாமல் உட்கார்ந்திருந்த என் மீதுதான்.

ஆகவே கேளுங்கள். எடுத்து வைப்பது கருவிழியை, கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடியை. அதில் ரத்தக் குழாய் கிடையாது, காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் மூச்சு வாங்குகிறது. அதனால்தான் வேற்றாள் கண்ணில் வைத்தாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. எடுவர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் 1905லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945இல் நம் சென்னை எழும்பூரில் தொடங்கியவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா. கண்ணாடி போட்டவர், புரை அறுத்தவர், சர்க்கரை உள்ளவர் யாரும் கொடுக்கலாம். இருபது நிமிஷ வேலை, முகம் கெடாது. உயிர் போனதும் இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, முக்கியமாக ஃபேனை அணைத்துவிடுங்கள். நம் கேத வீட்டில் முதலில் செய்வது ஃபேனைப் போடுவது. கருவிழி காய்ந்துவிடும்.

அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்போம் என்று இரண்டு ஆச்சிமார் என்னிடம் சொன்னார்கள். காளத்தியில் கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பரை ஆண்டவன் குருடாகவா ஆக்கினான்? உயிரோடு கொடுத்தவருக்கே ஒன்றும் ஆகவில்லை. கடவுளுக்கு இதில் வேலை உண்டா என்று மூன்றாவதாகக் கேட்டேன் அல்லவா, கண்ணாத்தாளிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

கண் தானப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம், போன வருஷம் நான்கு பேனா போய்விட்டது. கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால் பயன் இல்லை, பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும், கேத வீட்டில் வாய் திறந்து கேட்கிற தைரியத்தோடு. ஒருநாளில் ஊர் மாறாது, எறும்பு ஊரட்டும். மேலத்தெருவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. வடக்குத் தெருவுக்குத் தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார், பெஞ்சில் ஏறி நின்றவர், இதற்கும் நிற்பார். தெற்குத் தெருவுக்குத்தான் இன்னும் யாரும் இல்லை.