விழுந்துபோன சகோதரனிடம் யார் போறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு கர்த்தருடைய நாமத்தில வாழ்த்துகள். இண்டைக்கு எடுத்திருக்கிற கேள்வி மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கத்தில இருந்து ஒரு சகோதரி அனுப்பினது. வாசிக்கிறன்.

"பாஸ்டர், எங்கட சபையில வாலிபர் ஊழியத்தில முன்னுக்கு நிண்ட ஒரு சகோதரன், மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு திரும்பக் குடிக்கத் தொடங்கிட்டார். அவர்ட பொறுப்பில இருந்த சீட்டுக் காசையும் செலவழிச்சிட்டார். இப்ப சபைக்கு வாறதும் இல்ல. சிலர் அவரோட சேரக்கூடாது எண்டுறாங்க. சிலர், தீர்ப்புச் சொல்ல நாம ஆரு, ஆண்டவர் பாத்துக்கொள்வார் எண்டுறாங்க. விசுவாசத்தில முதிர்ந்த ஆக்கள் என்ன செய்யணும்?"

நல்ல கேள்வி. சகோதரி, நீங்க சொன்ன ரெண்டு பகுதியும் வேற வேற கதை கதைச்சாலும், செய்றது ஒரே வேலைதான். ரெண்டு பகுதியிலயும் ஒருத்தரும் அவர்ட வீட்டுப் படலையைத் திறக்கல்ல. அதுதான் எனக்குக் கவலை.

கலாத்தியர் 6:1 எடுங்க. "சகோதரரே, ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்." பவுல் இதை ஒரு ஆலோசனையாச் சொல்லல்ல, கட்டளையாச் சொல்றார். ஆருக்கு? ஆவிக்குரியவர்களுக்கு. முப்பது வருஷம் சபைக்கு வந்த எல்லாரும் அதுக்குள்ள அடங்கமாட்டாங்க. அதுக்கு முந்தின அதிகாரத்திலதான் ஆவியின் கனி வருது: அன்பு, நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம். விழுந்த ஆளுக்குப் பக்கத்தில இருக்கிறபோதுதான் அந்தக் கனி நம்மட்ட இருக்கா இல்லையா எண்டு தெரியவரும்.

"தீர்ப்புச் சொல்லாதே" எண்டு சொல்ற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. மத்தேயு 7:1ஓட வேதத்தை மூடிடுறோம். 5ஆம் வசனம் வரைக்கும் வாசிக்கணும். முதல்ல உன் கண்ணில இருக்கிற உத்திரத்தை எடு, மறுகா உன் சகோதரன் கண்ணில இருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் எண்டு இயேசு சொல்றார். அப்ப அந்தத் துரும்பையும் எடுக்கத்தான் வேணும். அங்க அது கிடக்கட்டும் எண்டு அவர் விடல்ல.

இப்ப எப்படிப் போறது எண்டதுக்கு வருவம். மத்தேயு 18:15, "நீயும் அவனும் தனித்திருக்கையில்." தனிய. முதல்ல அவர்ட்டப் போகணும், அவரைப் பற்றி வேற ஆக்கள்ட்டப் போகக்கூடாது. நம்மட சபைகள்ல இது எப்படி உடையுது தெரியுமா? ஜெப விண்ணப்பம் எண்டு உடையுது. "இன்னாருக்காக ஜெபிச்சுக்கொள்ளுங்க, திரும்பக் குடிக்கிறாராம், சீட்டுக் காசும் போச்சாம்" எண்டு வட்ஸ்அப் குரூப்பில ஒரு வொய்ஸ். பொழுதுபடுறதுக்கு முந்தி கல்லடியில இருக்கிற ஆளுக்கும் தெரியும், கட்டாரில இருக்கிற அவர்ட மனைவிக்கும் தெரியும். அந்த மனுஷன் மறுகா எந்த முகத்தோட சபைக்கு வாறது? அன்பா இருக்கிறவங்க செய்ற வேலை இல்ல இது. தயவுசெய்து இதை நிப்பாட்டுங்க.

போனாலும் போன உடனே வசனத்தைத் தூக்கி வைக்காதீங்க. யோவான் 21 பாருங்க. பேதுரு இயேசுவை மூண்டு தரம் மறுதலிச்ச ஆள். கடற்கரையில இயேசு கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வச்சு, வாங்க சாப்பிடுங்க எண்டு கூப்பிட்டார். சாப்பிட்டு முடிஞ்ச பிறகுதான், "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" எண்டு கேட்டார். ஆனா கேட்டார். கேளாம விடல்ல.

முறிவு நெரிவுக்குப் பாக்கிற பரியாரியார் கையைத் தொடுறதைக் கண்டிருப்பீங்க. மெல்லத் தடவி, எங்க முறிஞ்சிருக்கு எண்டு பாப்பார். நோகுமெண்டு பொருத்தாமலும் விடமாட்டார். சாந்தம் எண்டது அப்படி.

அந்தச் சகோதரன்ட நிலைமையையும் யோசிங்க. நம்மட பக்கத்தில கலியாணம் முடிச்ச ஆம்பிளை பொம்பிள வீட்டிலதான் இருக்கிறார். மனைவி வெளிநாட்டில. அவர் மாமியார் வீட்டில, பிள்ளைகளை அம்மம்மா பாக்கிறா. மனைவி அனுப்புற காசில நடக்கிற வீட்டில, சாயந்தரம் கதைக்கக்கூட ஒரு ஆள் இல்லாம இருக்கிறார். இது பாவத்துக்கு நியாயம் இல்ல, அதைத் தெளிவாச் சொல்றன். ஆனா இதைக் கேட்டு விளங்காம அவர்ட பாரத்தைச் சுமக்க ஏலாது. கலாத்தியர் 6:2 "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" எண்டுதானே சொல்லுது.

கேட்ட பிறகு, பாவத்தைப் பாவம் எண்டு சொல்லணும். தீர்க்கதரிசி நாத்தான், பாவம் செய்த தாவீது ராசாட்டப் போய் ஒரு கதையோட தொடங்கினார், ஆனா "நீயே அந்த மனுஷன்" எண்டு சொல்லாமத் திரும்பி வரல்ல. சீட்டுக் காசு விஷயத்தில ஜெபம் பண்ணினா மட்டும் போதாது. அது கிழமைக்குக் கிழமை இடியப்பம் வித்து, பாய் இழைச்சுக் கட்டின பொம்பிளைகள்ட காசு. வரி அறவிட்ட சகேயு என்ன செய்தார்? நாலத்தனையாத் திருப்பிக் குடுக்கிறன் எண்டார். மூத்த சகோதரர் ஒருத்தர் அவரோட இருந்து, ஆருக்கு எவ்வளவு எண்டு ஒரு கொப்பியில எழுதி, மாசம் எவ்வளவு குடுக்கலாம் எண்டு பேசி, அந்த ஆக்கள்ட்ட அவரோட கூடப் போகணும். கூடப் போறதுதான் உதவி. இன்னொரு இடத்தில வட்டிக்கு வாங்கி இதைக் கட்ட மட்டும் விடாதீங்க. நுண்கடனால இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

குடியைப் பற்றி ஒண்டு. கன காலம் கடுமையாக் குடிச்ச ஆள் சடுதியா நிப்பாட்டினா நடுக்கம் வரும், வலிப்புக்கூட வரும், உயிருக்கே ஆபத்து. அதனால, விசுவாசம் இருந்தா விடு எண்டு சொல்லிட்டு வந்திடாம, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில உளநலப் பிரிவு இருக்கு, அங்க கூட்டிக்கொண்டு போங்க. மருந்து எடுக்கிறது விசுவாசக் குறைவு இல்ல.

அவர் கேளாட்டி? மத்தேயு 18 சொல்ற மாதிரி இன்னும் ஒண்டு ரெண்டு பேரோட போங்க. அதுக்கும் கேளாட்டித்தான் சபை. கொரிந்துவில பவுல் ஒரு மனுஷனை விலக்கச் சொன்னார், உண்மை. ஆனா ரெண்டாம் நிருபம் 2ஆம் அதிகாரத்தில, தண்டிக்கப்பட்ட ஒருத்தரைப் பற்றி, "அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" மன்னிச்சு ஆறுதல் செய்யுங்க எண்டு எழுதுறார். அது அதே மனுஷன்தான் எண்டு அநேகர் விளங்கிக்கொள்றாங்க. விலக்கிறதும் திரும்ப வாறதுக்காகத்தான். தள்ளி வைக்கிறதுக்கு ஒரே கூட்டத்தில முடிவெடுக்கிற சபை, திரும்பச் சேர்க்கிறதுக்கும் ஒரு கூட்டம் வைக்கணும்.

ஒரு விஷயத்தில மட்டும் நான் சொன்ன இந்த ஒழுங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்திருந்தா, வீட்டில பொம்பிளைக்கு அடி விழுந்தா, தனியப் பேசி மூடிவைக்கிற வேலை வேணாம். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, அந்த இலக்கங்களுக்கு எடுங்க. பாதிக்கப்பட்டவங்களைப் பாதுகாக்கிறது முதல். செய்தவருக்கு ஜெபிக்கலாம், மன்னிப்பைப் பற்றியும் பேசலாம், ஆனா சட்டத்துக்கு மறைக்க ஏலாது.

அவர் திரும்ப ஊழியத்துக்கு வரலாமா எண்டும் ஆக்கள் கேட்பாங்க. மன்னிப்பு உடனே கிடைக்கும், 1 யோவான் 1:9 இருக்கு. பொறுப்புக் குடுக்கிறது வேற. சீட்டுக் காசு திரும்பி, குடி விட்டு, அவரைத் தெரிஞ்ச ஆக்கள் சாட்சி சொல்ற காலம் வரணும். மைக்கை அவசரமாக் குடுத்து அவரைத் திரும்ப விழப்பண்ணாதீங்க. முதல்ல வாசிச்ச கலாத்தியர் 6:1 வசனத்தின்ட கடைசிப் பகுதி உதவி செய்யப் போறவருக்கு: "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு." குடியில இருந்து புதுசா வெளிய வந்த தம்பிமாரை இந்த வேலைக்கு அனுப்பாதீங்க.

சகோதரி, நீங்க தனிய அவரோட கதைக்கப் போக வேணாம். உங்கட சபையில பொறுமையான ரெண்டு அண்ணன்மார் இருப்பாங்க, அவங்கள்ட்ட இந்தக் கிழமையே சொல்லுங்க. நீங்க அந்த அம்மம்மாவைப் போய்ப் பாருங்க. பிள்ளைகளை ஞாயிறு பாடசாலைக்கு உங்கட பிள்ளைகளோட கூட்டிக்கொண்டு வாங்க. அவர் வராட்டியும் பிள்ளைகள் வரட்டும். சரி, அடுத்த கேள்விக்குப் போவம்.