கில்மோர்: காடா, தேவாலயமா?

வணக்கம், நேயர்களே.

அயர்லாந்து வரைபடத்தை விரித்தால் கில்மோர் என்ற பெயர் பல இடங்களில் கண்ணில் படும். 'மோர்' என்றால் பெரிய. சிக்கல் முதல் பாதியில்தான். அந்நாட்டின் கேலிக் மொழியில் 'கில்' என்றால் தேவாலயம். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கொயில்' என்று வரும் இன்னொரு சொல்லும் உண்டு. நம் காதுக்கு அதுதான் கோயில்போல ஒலிக்கிறது, ஆனால் அதன் பொருள் காடு! ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இரண்டையும் 'கில்' ஆக்கிவிட்டார்கள். ஆக, ஒரு கில்மோர் பெரிய தேவாலயம், இன்னொன்று பெரிய காடு. ஊர்ப் பலகையைப் பார்த்து மட்டும் எது எதுவென்று சொல்லிவிட முடியாது.

இந்தக் குழப்பத்தோடு நேருக்கு நேர் மோதியவர் கேலிக் மொழி அறிஞர் ஜான் ஓடோனவன். 1824-இல் அயர்லாந்து முழுவதையும் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரையத் தொடங்கினார்கள். எல்லாம் நிலவரிக் கணக்குக்காக. 'டவுன்லேண்ட்' எனப்படும் சிற்றெல்லைகள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல். அத்தனைக்கும் பெயர் எழுத வேண்டும். 1830-இல் வேலையில் சேர்ந்த ஓடோனவன் கையில் பெயர் ஏடுகளோடு ஊர் ஊராகப் போனார். ஒரே பெயருக்குப் பழைய வரைபடத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், வரிப் பட்டியலில் வேறொன்று, பண்ணையார் எழுதுவது மூன்றாவது. எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்துக்கொண்டு, உள்ளூரில் கேலிக் பேசும் பெரியவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கேலிக் வடிவத்தை ஏட்டில் எழுதி, ஆங்கில எழுத்து எப்படி இருக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

என் மனத்தாங்கல் இங்கேதான். அச்சான வரைபடத்தில் ஏறியது ஆங்கில எழுத்து. அவர் தேடிப் பிடித்த கேலிக் வடிவம் ஏட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதற்காக அந்த ஆங்கில எழுத்துகளைக் குப்பை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கால்வே மாவட்டத்தின் கானமாரா பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயரை மூச்சுப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: மக்கனஹெடர்டாஹாலியா. ஆங்கிலத்தில் இருபத்திரண்டு எழுத்து! உவர்நீர் இரண்டுக்கு நடுவே பன்றி முதுகுபோல் கிடக்கும் மேடு என்று பொருள் சொல்வார்கள். 'மக்' என்பது பன்றி, 'இடிர்' என்றால் நடுவே, 'சாலிய' என்பது உவர்நீர். 'இரண்டு' என்ற சொல் முன்னால் வந்தால் சகரம் மெலிந்து 'ஹாலிய' ஆகிவிடும். அது கேலிக் இலக்கணம். எழுதிய எழுத்தருக்கு அந்த இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. காதில் விழுந்ததை அப்படியே 'ஹாலியா' என்று எழுதி வைத்தார். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் ஓர் ஊராரின் உச்சரிப்பு இப்படித்தான் பிடிபட்டிருக்கிறது.

கில்மோர் வழக்கையும் இதே முறையில்தான் தீர்க்கிறார்கள். பழைய எழுத்துகளை ஆண்டு வாரியாக அடுக்குவார்கள். திருச்சபையின் சொத்துப் பட்டியலில் பெயர் வருகிறதா, பக்கத்தில் இடிந்த சுவரோ பழைய இடுகாடோ உண்டா என்று பார்ப்பார்கள். கேலிக் பேசுபவர் இருந்தால் அவர் வாயால் கேட்பார்கள். 1946-இல் இதற்கென்றே ஓர் அரசு ஆணையம் அமைந்தது. 2008 முதல் 'லோகன்ம்' என்ற இணையத் தரவுத்தளத்தில் யாரும் தேடலாம். சில பெயர்களுக்கு உச்சரிப்பு ஒலிப்பதிவும் இருக்கிறது.

அரசு சொன்னால் ஊர் கேட்டுவிடுமா என்ன? கெர்ரி மாவட்டத்தில் டிங்கிள் என்று ஒரு துறைமுக ஊர். 2005-இல் அதன் அதிகாரபூர்வப் பெயர் 'அன் டாங்கன்' என்ற கேலிக் வடிவம் மட்டுமே என்றானது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர் பொங்கி எழுந்தது. அடுத்த ஆண்டே வாக்கெடுப்பு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாற்றத்தை எதிர்த்து நின்றார்கள். கேலிக்கே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. 'டாங்கன் ஈ கூஷ்' என்ற நீண்ட பழைய பெயரும் அதோடு டிங்கிளும் வேண்டும் என்றார்கள். 2011-இல் சட்டம் திருத்தப்பட்டு இரண்டும் கிடைத்தன.