தினமும் நூறு கிரஞ்ச் செய்தும் வயிற்றில் கோடு தெரியவில்லையா?

[திரையில்: தரையில் மல்லாந்து படுத்து, தோளை மட்டும் தூக்கும் கிரஞ்ச் பயிற்சியை வேகவேகமாகச் செய்யும் ஒருவர். மூலையில் எண்ணிக்கை ஓடுகிறது: 97, 98, 99...]

நூறு. இன்றைய கணக்கு முடிந்தது. நேற்றும் நூறு, முந்தாநாளும் நூறு. மூன்று மாதமாக ஒரு நாள்கூட இவர் தவறவிட்டதில்லை. ஆனாலும் கண்ணாடி முன் நின்று சட்டையைத் தூக்கினால், முதல் நாள் பார்த்த அதே வயிறு. இவருடைய உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உழைப்பு வீணாகப் போகிறதே என்பதுதான் என் ஆதங்கம். அதனால்தான் இந்த வீடியோ.

[திரையில்: வயிற்றுத் தசையின் வரைபடம்]

சிக்ஸ் பேக் என்றதும் ஆறு தனித்தனித் தசைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இருப்பது இரண்டே தசைகள். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடுப்பெலும்பின் முன்பக்க அடியில் தொடங்கி மேலேறி, 5, 6, 7ஆம் விலா எலும்புகளின் குருத்தெலும்பில் போய் ஒட்டுகின்றன. இவற்றுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை நார்ப்பட்டை ஓடுகிறது. குறுக்கே, பெரும்பாலானவர்களுக்கு மூன்று இடங்களில், நார்வரிகள் இருக்கின்றன. வரிக்கும் வரிக்கும் இடையே தசை புடைத்து நிற்பதைத்தான் நாம் கட்டம் கட்டமாகப் பார்க்கிறோம்.

வரிகள் எத்தனை, நேராக ஓடுகின்றனவா, இடமும் வலமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதெல்லாம் பிறவியிலேயே அமைந்தவை. சிலருக்கு நான்கு கட்டம்தான் தெரியும், சிலருக்கு எட்டு. எந்தப் பயிற்சியும் இதை மாற்றாது. ஆகவே இன்னொருவரின் படத்தை வைத்துக்கொண்டு உங்கள் வயிற்றை அளக்காதீர்கள்.

[திரையில்: தொப்புளுக்குப் பக்கத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலைக் கிள்ளுகின்றன]

இப்போது நீங்களும் இப்படிக் கிள்ளிப் பாருங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் சிக்குவது தோலும், அதன் அடியில் இருக்கும் கொழுப்பும். தசை அதற்கும் கீழே இருக்கிறது. எவ்வளவு திரண்ட தசையாக இருந்தாலும், மேலே இருக்கும் இந்தப் படலம் தடிமனாக இருந்தால் வெளியே தெரியாது.

வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரைந்துவிடாதா? கரையாது. வேலை செய்யும் தசை, தன் மேல் படிந்திருக்கும் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எரிப்பதில்லை. உடலெங்கும் உள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்துதான் எரிபொருளாகிறது. 1971இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆண்டுக்கணக்காக மட்டை பிடித்த கை பருமனாக இருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிமனில் இரு கைகளுக்கும் வித்தியாசம் இல்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசையின் தாங்குதிறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

கொழுப்பு குறைவது சாப்பாட்டில்தான். உடல் செலவழிப்பதைவிட நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் போதும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கட்டும். 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 350 முதல் 700 கிராம். அதைவிட வேகமாக இறக்கினால், காட்ட நினைத்த தசையும் சேர்ந்து கரையும். தசையைக் காக்க, நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் வீதம் புரதம் வேண்டும். கால், முதுகு, மார்புக்கான எடைப் பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது. ஆண்களுக்கு உடல் கொழுப்பு ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதத்துக்கு வரும்போது கோடுகள் தெளிவாகும். பெண்களுக்கு 18 முதல் 20. வீட்டு எடைக்கருவி காட்டும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். குடித்த தண்ணீரைப் பொறுத்துக்கூட அது மாறும். காலையில் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளப்பதே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

அப்படியானால் வயிற்றுப் பயிற்சியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தசை தடித்தால்தான் கட்டங்களுக்கு இடையே பள்ளம் விழும். ஆனால் வயிற்றுத் தசையும் கைத்தசை போல ஒரு தசைதான். கைத்தசை பெருக வேண்டும் என்று வெறுங்கையை நூறு முறை மடக்குவோமா? எடை வைத்து, பத்துப் பன்னிரண்டு முறை தூக்குவோம். வயிற்றுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இந்தத் தசையின் முதன்மையான வேலை, விலாவையும் இடுப்பெலும்பையும் ஒன்றையொன்று நெருங்க வைப்பது. முழு சிட்-அப்பில், முதுகின் மேல்பகுதி வளைந்த பிறகு உங்களைத் தூக்கி உட்கார வைப்பது பெரும்பாலும் தொடையை இடுப்போடு மடக்கும் தசைகள். வெறுமனே காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியிலும் அதே கதைதான்.

[திரையில்: ரிவர்ஸ் கிரஞ்ச், பக்கவாட்டிலிருந்து, மெதுவாக]

ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன். மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கித் தூக்கி, தொடை தரைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். வாய் வழியாக மூச்சை முழுவதுமாக வெளியே விடுங்கள். விலா கீழே இறங்குவதை உணர்வீர்கள். இப்போது காலை வீசாமல், இடுப்பைச் சுருட்டுங்கள். வால் எலும்பு தரையை விட்டு நான்கு விரல் அளவு எழும்பினால் போதும். அடிவயிறு கல்லாக இறுகும். அங்கே ஒரு நொடி நில்லுங்கள். பிறகு முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையில் வைப்பதுபோல், மூன்று நொடியில் இறக்குங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியில் பாதி போயிற்று.

இப்படி 15 முறை சுலபமாக வந்துவிட்டால், முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறிய டம்பெல்லை இடுக்கிக்கொள்ளுங்கள். கிரஞ்ச் செய்யும்போது எடைத்தட்டை மார்பில் அணைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைக் கையால் இழுக்காதீர்கள். 8 முதல் 15 முறை செய்வது ஒரு செட்; அப்படி மூன்று செட், வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஓய்வு. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் ஒரு நிமிடம் தாண்டினால், நேரத்தை நீட்டாமல் கடினமான வகைக்கு மாறுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறைப்பின்போது மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, உடல் போதிய உணவின்றித் தவிக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின், தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவே மேடு தட்டினால் தசைகள் விலகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் காட்டாமல் கிரஞ்ச் தொடங்க வேண்டாம். குடலிறக்கம் உள்ள எவருக்கும் இது பொருந்தும்.

[திரையில்: முதலில் பார்த்த அதே மனிதர், முழங்கால்களுக்கு நடுவே டம்பெல்]

ஆறு. மெதுவாக இறக்குகிறார். ஏழு. எட்டில் வயிறு நடுங்குகிறது. ஒன்பதுக்கு முயல்கிறார்; இடுப்பு எழும்ப மறுக்கிறது. டம்பெல்லை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் ஓய்வெடுக்கிறார். இன்னும் இரண்டு செட் இருக்கிறது.