பனிமலைக்குப் புறப்படும் குமரிப் பிள்ளைகளுக்கு
(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், டிசம்பர் விடுமுறையில் இமயமலைக்குப் போகத் துடித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் ஊரில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் காற்று பழக்கம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழி வழியாக பைக்கில் போனவர்களைக் கேளுங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது அங்கே சாதாரணம். அதே காற்று மைனஸ் 10 டிகிரியில் வீசினால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 21 டிகிரியாக உறைக்கும். நம் உடம்பு தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய காற்றுப் படலத்தைச் சூடாக்கிப் போர்த்திக்கொள்கிறது. வீசும் காற்று அந்தப் போர்வையை நொடிக்கு நொடி உருவிக்கொண்டு போகிறது.

மலையின் உயரத்தை மட்டும் பார்த்து அதை எடைபோடாதீர்கள். நம் கண்ணெதிரே நிற்கும் மகேந்திரகிரி சுமார் 1,650 மீட்டர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர். வித்தியாசம் 300 மீட்டர்கூட இல்லை. அந்தச் சிகரத்தில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 2023 பிப்ரவரியில் காற்றும் குளிரும் சேர்ந்து அங்கே மைனஸ் 78 டிகிரியாக உறைத்தது. குளிர்காலத்தில் ஒரே பகலில் அந்த வரிசைச் சிகரங்களைக் கடந்து வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் நாள் இரவு கடைசியாகப் பார்ப்பது காற்று முன்னறிவிப்பைத்தான். நம் மீனவர்கள் கடலுக்குப் போகுமுன் பார்ப்பதும் அதைத்தானே.

உங்களில் பலர் உத்தரகாண்டில் உள்ள கேதார்காந்தா சிகரத்தின் பெயரைச் சொன்னீர்கள். நல்ல தேர்வு. திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன், அங்கிருந்து டேராடூன், பிறகு ஒரு நாள் மலைப்பாதைப் பயணத்தில் சாங்க்ரி கிராமம். சிகரம் சுமார் 12,500 அடி. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே கிடைக்காது. கடற்கரையில் வளர்ந்தவர்கள் அவசரப்படாமல், இடையில் தங்கித் தங்கித்தான் ஏற வேண்டும்.

சிகர நாளன்று பின்னிரவு மூன்று மணிபோலக் கூடாரத்தை விட்டுக் கிளம்புவார்கள். நெற்றியில் விளக்கு, பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் வைத்த சங்கிலி. குளிருக்குப் பயந்து, கொண்டுவந்த அத்தனை துணியையும் அப்போதே மாட்டிக்கொண்டு நிற்போம். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. ஏற்றத்தில் அரை மணி நேரத்தில் உடம்பு கொதிக்கும். முதுகு வியர்வையில் நனையும். சிகரத்தில் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும். வியர்க்கத் தொடங்குமுன் ஒரு சட்டையைக் கழற்றுங்கள், நின்றதும் உடனே போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இதே வேலையாக இருந்தாலும் சலிக்காதீர்கள்.

பருத்தி நம் வெயிலுக்கு வரம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கிறது. அதே குணத்தால்தான் பனிமலையில் அது உயிரைக் குடிக்கும். பனியனும் ஜீன்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். உடம்போடு ஒட்டுவது கம்பளி அல்லது பாலியஸ்டர், அதற்கு மேல் கதகதப்பான ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஒன்று. இவ்வளவு போதும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகுங்கள். தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து உறையும் என்பதால், நிமிர்த்தும்போது மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். தின்பதற்கு நம் வீட்டு முந்திரிக்கொத்தைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. பயறும் வெல்லமும் சேர்ந்த பண்டம், எளிதில் கெடாது. சிறு துண்டுகளாக உடைத்து, கையெட்டும் பையில் வைத்துக்கொண்டு, பசிக்குமுன் தின்னுங்கள். மதுவைத் தொடாதீர்கள். அது தோலருகே இரத்தக் குழாய்களை விரியச் செய்து, சூடேறுவதுபோல் காட்டி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொட்டிவிடும்.

சிகரத்தில் நிற்கையில், எதிரே சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் மலைகள் விடியல் வெளிச்சத்தில் சிவக்கும்போது பேச்சு வராது. அந்த அழகுக்காகத்தான் போகிறோம், மறுக்கவில்லை. ஆனால் திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவுசெய்துவிடுங்கள். அந்த நேரம் வந்ததும், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் திரும்புங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தரைக்குள் பொழுது அடைந்துவிடும். 2024 ஜூன் தொடக்கத்தில், அதே உத்தரகாண்டின் சஹஸ்ர தால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் குழு மோசமான வானிலையில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். நாம் கோடை என்று சொல்லும் மாதம் அது. தென்னாட்டிலிருந்து ஆசையோடு போனவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள்முதல்தான் இப்படி மேடை தேடிப் பேசுகிறேன்.

இன்னொன்று. உடம்புச் சூடு குறையும்போது முதலில் நடுக்கம் வரும். அடுத்து விரல் சொன்னபடி கேட்காது, சட்டை ஜிப்பை இழுக்க முடியாது. பிறகு கால் தடுமாறும், நாக்குக் குழறும். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். அதுதான் மோசமான கட்டம். உடனே காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்துங்கள். மரத்த விரலைத் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் கேடு.

வழிகாட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவருக்கு உங்கள் தமிழ் குழறுகிறதா என்று தெரியாது. அவர் காதுக்கு நம் பேச்சு எப்போதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் பேசும் தோழன் ஒருவன் பக்கத்தில் வேண்டும். இருவர் இருவராகப் பிரிந்துகொண்டு, சிகர நாள் முழுக்க விடாமல் பேசிக்கொண்டே நடங்கள். வீட்டுக் கதையோ கிரிக்கெட்டோ, எதுவானாலும் சரி. பதில் தாமதமானால், சொல் உருண்டால், நின்று முகத்தைப் பாருங்கள்.

அந்த இருவர் யார் யார் என்பதை இன்றே முடிவுசெய்துவிட்டு, வரும் ஞாயிறு முதல் மருந்துவாழ் மலையில் சேர்ந்து ஏறத் தொடங்குங்கள். முதுகில் பை இருக்கட்டும், அதில் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்திருக்கட்டும். ஏறும்போது மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகத்தில் போங்கள். இறங்குவதையும் அதே கவனத்தோடு பழகுங்கள். முட்டி வலி வருவது அப்போதுதான். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். பெற்றோர் முதலில் கேட்கட்டும்.