சந்தேகங்களுக்கு விளக்கம்: பீத்தோவன் ஐந்தாவது சிம்பொனி, எந்தப் பதிவு வாங்கலாம்?

சரி, அடுத்த கேள்வி. "சார், பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனின்னா எப்பப் பார்த்தாலும் க்ளைபர், க்ளைபர்ங்கறீங்க. ஃபுர்ட்வாங்லரும் டாஸ்கனினியும் என்ன பாவம் பண்ணாங்க? ஒண்ணே ஒண்ணு வாங்கறதா இருந்தா எது?" ரெண்டு நாளா இந்த "என்ன பாவம்" மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

யாரும் பாவம் பண்ணலைங்க. மூணு பேருமே கண்டக்டருங்க, அதாவது குச்சியை ஆட்டி இசைக்குழுவை நடத்தறவங்க. டாஸ்கனினி 1939ல நியூயார்க் எட்டு-ஹெச் ஸ்டூடியோவுல பண்ணின பதிவு இருக்கு. அந்த இடத்துல எதிரொலியே கிடையாது, சத்தம் வெயில்ல போட்ட வத்தல் மாதிரி காஞ்சு கிடக்கும். அதையும் மீறி மனுஷன் உலுக்கிடுவார்.

நான் எப்பவும் சொல்றதுதான், பழைய ஆளுங்க கோச்சுக்காதீங்க. இந்த சிம்பொனி "த த த தாம்"னு ஆரம்பிக்கலை. முதல் அடியில ஒண்ணுமே இல்ல. கண்டக்டர் குச்சி இறங்குது, அங்க மௌனம், அதுக்கப்புறம்தான் மூணு சுரம். நம்ம கச்சேரி கேக்கறவங்களுக்கு எடுப்பு, அதாவது பாட்டு ஆரம்பிக்கற இடம், தாளத்துல தள்ளி இருக்குன்னா போதும், புரிஞ்சிடும்.

எனக்கு இது புரிஞ்சதே ஒரு கேசட்டால. ஒரு தெரிஞ்சவர் பதிஞ்சு கொடுத்தார். கேசட் ஆரம்பத்துல பதிவே ஆகாத ஒரு துண்டு இருக்கும் பாருங்க, லீடர் டேப்பு, அதைச் சுத்தி விடாமலே பட்டனை அமுக்கிட்டார். முதல் மூணு சுரம் போச்சு. எனக்கு வருஷக்கணக்கா சிம்பொனி "தாம்!"னுதான் ஆரம்பம். என்னடா, இதையா உலகமே கொண்டாடுதுன்னு நினைச்சேன். அப்புறம் முழுசா கேட்டப்ப, அந்த மூணு சுரமும் எதையோ மிதிச்சு எழும்பற மாதிரி இருந்தது. மிதிச்சது அந்த மௌனத்தைத்தான்.

இப்ப ரெண்டு "தாம்" வருதில்லையா, ரெண்டுக்கு மேலயும் நிறுத்திப் பிடின்னு பீத்தோவன் குறி போட்டிருக்கார். ஆனா ரெண்டாவதுக்கு ஒரு பார், அதாவது ஒரு தாளக் கட்டம், கூடுதல். ஃபுர்ட்வாங்லர், போருக்கப்புறம் 1947 மே மாசம் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்குத் திரும்பி வந்து வாசிச்சாரே, அதுல அந்த ரெண்டாவதைப் பிடிச்சா விட மாட்டார். இவர் இனிமே நகர்வாரான்னு நமக்கே பயம் வந்திடும். கார்லோஸ் க்ளைபர் 1974ல வியன்னா பில்ஹார்மோனிக்கோட பண்ணினதுல பிடிப்பு இருக்கு, ஆனா கால் ஏற்கனவே ஓட நிக்குது. இவர் அப்பா எரிக் க்ளைபரும் 1953ல ஆம்ஸ்டர்டாம்ல இதே சிம்பொனியைப் பதிஞ்சவர். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, வீட்டு வழக்கம் தெரியும்.

வேகத்தைப் பத்தி சண்டை போடாதீங்க. 1817லயே பீத்தோவன் நிமிஷத்துக்கு 108 பார்னு குறிச்சுக் கொடுத்துட்டார்.

என்னைக் கேட்டா, கேள்வியே வேற மாதிரி இருக்கணும். "அந்த ஓபோ வர்ற இடத்துல யார் காத்திருக்காங்க?" ஓபோன்னா நாதஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதற வாத்தியம். முதல் பகுதியில ஆரம்பம் திரும்ப வருமில்லையா, அத்தனை பேரும் அடிச்சு நொறுக்கிக்கிட்டு வருவாங்க, திடீர்னு எல்லாரும் நின்னுடுவாங்க. ஒரே ஒரு ஓபோ. அடாஜியோ, அதாவது மெதுவான்னு எழுதியிருக்கார், அவசரமே இல்லாம இறங்கி வரும். சில கண்டக்டருங்க பஸ் போயிடும்ங்கற மாதிரி அதை விரட்டுவாங்க. எனக்கு ஆகாது. வியன்னாக்காரங்க கையில இருக்கறது அவங்க ஊருக்கே உரிய ஓபோ, கொஞ்சம் மூக்கால பேசற குரல். க்ளைபர் அதுக்கு வழி விட்டு நிப்பார், அவ்வளவு வேகத்துலயும்.

ஒண்ணே ஒண்ணுன்னா கார்லோஸ் க்ளைபரை வாங்குங்க. மத்த ரெண்டையும் யார்கிட்டயாவது கடன் வாங்கிக் கேளுங்க. கேசட்டா இருந்தா மட்டும் ஆரம்பத்தைப் பார்த்துக்குங்க.